நாய் விடியற்காலையில் மஞ்சளாகக் கக்குகிறதா? இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். எங்கள் மால்டீஸ் ‘லட்டு’வுக்கு 6 வயது, எடை 4 கிலோ. நான்கு மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடியற்காலை ஐந்து மணிவாக்கில் எழுந்து உதட்டையும் தரையையும் நக்குகிறது. பிறகு மஞ்சள் நுரையாகக் கக்குகிறது. சற்று நேரத்தில் வாலாட்டிக்கொண்டு வந்துவிடும். பணிப்பெண் மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு வைத்துவிடுவார்; காலையில் ஏழு மணிக்கு நான் வைப்பேன். மாமியார் அவ்வப்போது தயிர்சாதம் ஊட்டுவார். செல்லப்பிராணிக் கடையில் “அசிடிட்டி” என்று ஒரு பொடியும் ஆப்பிள் சைடர் வினிகரும் கொடுத்தார்கள். நாயின் முடியைப் பரிசோதனைக்கு அனுப்பினால் எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியுமாம், 180 வெள்ளி. ஒருநாள் பட்டினி போடலாமா? வயிற்று அமிலத்தைக் குறைக்க என் கணவர் சாப்பிடும் ஒமிப்ரசோலில் கொஞ்சம் கொடுக்கலாமா? இரண்டு மாதத்துக்கு முன் மயக்க மருந்து கொடுத்துப் பல் சுத்தம் செய்தோம், அதனால் இருக்குமோ?

பதில்: அந்த 180 வெள்ளியை முதலில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஒருவேளை உண்மையான ரத்தப் பரிசோதனைக்குத் தேவைப்படலாம்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. மாலை ஆறு, காலை ஏழு. நடுவில் 13 மணி நேரம் லட்டுவுக்குச் சாப்பாடு இல்லை. காலி வயிற்றுக்குள் சிறுகுடலிலிருந்து பித்தநீர் பின்னோக்கி ஏறி வருகிறது. மஞ்சள் நிறம் அதனுடையதுதான். அது இரைப்பையின் உள்சுவரைக் காந்தச் செய்கிறது. நாய் உதட்டை நக்குகிறது, எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்க்கிறது, கடைசியில் கக்குகிறது. சாப்பாட்டைக் கண்டதும் தெளிந்துவிடுகிறது. சின்ன நாய்களில் நான் அடிக்கடி பார்க்கும் கதை இது. அமிலம் தொண்டைப் பக்கம் ஏறும் எதுக்களிப்பும் இதோடு சேர்ந்தே வரக்கூடும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் சுருக்குப்பையின் வாய்போல ஒரு தசை இருக்கிறது. அது தளர்ந்தால் கீழே இருப்பது மேலே வரும்.

ஆகவே முதல் வைத்தியம் கடிகாரத்தில். இப்போது ஒருநாளைக்குக் கொடுக்கும் மொத்த அளவை அப்படியே வைத்துக்கொண்டு நான்காகப் பிரியுங்கள்: காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஆறு, இரவு பத்தரை. கடைசி வேளைதான் முக்கியம். மற்ற மூன்றும் அரைமணி முன்பின் ஆனால் குடி முழுகிப்போகாது. இரவில் புதிதாக எதையும் வாங்கிப் போட வேண்டாம். பகலில் சாப்பிடும் அதே உணவில் அந்த நான்கில் ஒரு பங்கு போதும். பணிப்பெண் சீக்கிரம் படுத்துவிடுவார் என்றால் வீட்டில் கடைசியாக விளக்கணைப்பவர் இதை ஏற்றுக்கொள்ளட்டும். கக்குவது காலையில் மட்டும் என்றால் இது ஒன்றிலேயே பல நாய்களுக்குச் சில நாளில் வித்தியாசம் தெரியும்.

“அளவு கூட்டாதீர்கள்” என்று நான் சொல்வதைப் பெரும்பாலோர் காதில் வாங்குவதில்லை. வீட்டுக்குள்ளேயே வளரும் 4 கிலோ நாய்க்கு ஒருநாளுக்கு ஏறக்குறைய 250 முதல் 300 கலோரிதான் தேவை. ஒரு தேக்கரண்டி நெய்யில் சுமார் 45 கலோரி. மாமியார் அன்போடு விடும் ஒரு தேக்கரண்டி நெய், லட்டுவின் அன்றைய உணவில் ஆறில் ஒரு பங்கு. அதைவிட, கொழுப்பு இரைப்பையிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். நான் சொன்ன அந்தத் தசையையும் தளர்த்தும். எதுக்களிப்பு உள்ள நாய்க்குக் கொழுப்பு குறைந்த உணவு என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வெயில் தாங்காமல் சதா ஏசியில் படுத்துக் கிடக்கும் நம் ஊர் நாய்கள் எடை போடுவதும் சுலபம். வயிற்றைச் சுற்றிய கொழுப்பும் எதுக்களிப்புக்குத் துணைபோகும்.

மாமியாரின் தயிர்சாதத்தை நான் வில்லனாக்கமாட்டேன். வெறும் சோறும் கொஞ்சம் கொழுப்பில்லாத தயிரும் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் நம் வீட்டுத் தயிர்சாதம் வெறும் தயிர்சாதமாகவா இருக்கிறது? தாளித்த எண்ணெய், மோர்மிளகாய், பக்கத்தில் வெங்காய சாம்பாரின் சொட்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். எத்தனை தின்றால் ஆபத்து என்று கணக்கே சொல்ல முடியாது. தீபாவளி முடிந்த வாரம் ஆட்டுக்கறிக் கொழுப்பு தின்றுவிட்டுக் கணைய அழற்சியோடு வரும் நாய்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. மாமியாரிடம் “கொடுக்காதீர்கள்” என்று சொல்லிப் பயனில்லை. இரவு பத்தரை மணி வேளையை அவர் கையிலேயே ஒப்படைத்துவிடுங்கள். ஊட்டும் ஆசையும் தீரும், நேரமும் தவறாது.

வயிறு கெட்ட நாளில் தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி ஒரு பங்கு, குழைந்த சோறு இரண்டு பங்கு, உப்பில்லாமல், எண்ணெயில்லாமல் கொடுக்கலாம். மூன்று நான்கு நாளுக்கு மட்டும். அதையே மாதக்கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து தொடங்கிப் பலதும் குறையும். நீண்ட காலத்துக்கு வேண்டுமென்றால் கொழுப்பு குறைத்துத் தயாரித்த மருத்துவ உணவு இருக்கிறது. வாங்கும்போது ஒரு ஏமாற்று வித்தையைத் தெரிந்துகொள்ளுங்கள். டின் உணவில் “கொழுப்பு 4 சதவீதம்” என்று போட்டிருக்கும், உலர் உணவில் 12 என்றிருக்கும். டின்தான் நல்லது என்று கடைக்காரர் எடுத்துக்கொடுப்பார். டின்னில் 78 சதவீதம் தண்ணீர். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் 22 பங்கில் 4 பங்கு கொழுப்பு, அதாவது 18 சதவீதம். உலர் உணவைவிட அதிகம்.

இனி அந்த முடிப் பரிசோதனை. நாயின் முடியையோ எச்சிலையோ வைத்து எந்த உணவு ஒவ்வாது என்று கண்டுபிடிக்க முடியாது. இத்தகைய சோதனைகளை ஆராய்ந்தவர்கள் அவை நம்பத்தக்கவை அல்ல என்றே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் அறிக்கை மட்டும் வண்ண வண்ணமாக வரும்: கோழி கூடாது, அரிசி கூடாது, கேரட் கூடாது. கூடாத பட்டியல் நீளமானால், அதே கடையில் கங்காரு இறைச்சி உணவு தயாராக இருக்கும். வினிகரும் அப்படித்தான். ஏற்கெனவே அமிலம் பட்டுப் புண்ணான குழாயில் இன்னும் கொஞ்சம் அமிலம் ஊற்றுவது என்ன வைத்தியம்? சிங்கப்பூரில் நாய்க்கு நோய் இன்னதென்று சொல்லி மருத்துவம் பார்க்க உரிமம் வேண்டும். உரிமம் தருவது தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவு. பொடி டப்பாவை நீட்டி “இது அசிடிட்டிதான் அக்கா” என்று சொல்ல எந்தத் தேர்வும் எழுத வேண்டியதில்லை. நீங்கள் ஏன் அங்கே போகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நாய்க்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு கிடையாது, மானியம் கிடையாது, மருத்துவர் கட்டணத்துக்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி வேறு. என் துறையினரையும் சொல்ல வேண்டும்: கால்மணி நேரச் சந்திப்பில் மாத்திரை எழுத நேரமிருக்கிறது, “ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு வைக்கிறீர்கள்” என்று கேட்க நேரமில்லை.

பட்டினி வேண்டவே வேண்டாம். காலி வயிறால் வந்த தொல்லைக்குக் காலி வயிறா? சின்ன நாய்களுக்கு, அதிலும் குட்டிகளுக்கு, நீண்ட பட்டினியில் ரத்தச் சர்க்கரை இறங்கி வலிப்பே வரலாம்.

உங்கள் கணவரின் மாத்திரையும் வேண்டாம். ஒமிப்ரசோல் நாய்க்கும் கொடுக்கும் மருந்துதான். ஆனால் வழக்கமான அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில். கணவருடையது 20 மில்லிகிராம் என்றால் லட்டுவுக்கு அது ஐந்து மடங்கு. உள்ளே இருக்கும் மணிகளை அரைத்துப் பாதி கொடுத்தால் மேல்பூச்சு போய் மருந்து வீணாகும். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு, சொன்ன நாள்வரை கொடுங்கள். பல வாரம் கொடுத்ததைத் திடீரென நிறுத்தாதீர்கள். மனிதருக்கான ‘சுகர்ஃப்ரீ’ ஆன்டாசிட் மருந்துகளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம், அது நாய்க்கு விஷம்.

பல் சுத்தம் பற்றி. உங்களுக்குத் தொல்லை நான்கு மாதமாக, மயக்க மருந்து கொடுத்தது இரண்டு மாதத்துக்கு முன்பு. ஆகவே அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் மற்றவர்களுக்காக இதை விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் மயக்க மருந்துக்குப் பிறகு தொல்லை தொடங்கும் நாய்க்கு நேரத்தை மாற்றிப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. மயக்கத்தில் கிடக்கும்போது அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறித் தேங்கி நிற்கலாம். அந்தப் புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, குழாய் குறுகிப்போகும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் தெரியவரும். அடையாளம் வேறு மாதிரி: நாய்க்குப் பசி இருக்கும், ஆசையோடு சாப்பிடும், சில நிமிடத்தில் சாப்பிட்டது சாப்பிட்டபடியே, வயிறு எக்காமல், வாயிலிருந்து நழுவி விழும். கஞ்சி இறங்கும், கெட்டி உணவு இறங்காது. பல் சுத்தமோ கருத்தடையோ எதுவாயினும், மயக்க மருந்துக்குப் பின் இப்படி என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். சீக்கிரம் வந்தால் உள்நோக்கிக் கருவியோடு பலூன் விட்டு விரிக்கலாம். ஒருமுறையோடு முடியாமல் பலமுறை விரிக்க வேண்டியும் வரலாம், ஆகவே தாமதிக்காதீர்கள். டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டாலும் இதே கதி வரலாம், மாத்திரைக்குப் பிறகு கொஞ்சம் தண்ணீர் அல்லது ஒரு வாய் உணவு கொடுங்கள். இதைப் படித்துப் பயந்துபோய், மயக்க மருந்தே இல்லாமல் பல் சுரண்டித் தருவதாகச் சொல்லும் முடிதிருத்தும் கடைகளுக்கு ஓடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் பக்கம் வெளுக்கும், ஈறுக்கு அடியில் கிருமி அப்படியே இருக்கும்.

இரண்டு வாரம் நான்கு வேளை முறையைக் கடைப்பிடியுங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள். கக்கிய நேரத்தை நாட்காட்டியில் குறித்து, கைப்பேசியில் ஒருமுறை படம் பிடித்துவையுங்கள். சின்ன நாய்களில் மூச்சுக்குழாய் தளர்ந்து, வாத்துபோல் இருமி, கடைசியில் நுரை துப்புவதை எதுக்களிப்பு என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. காணொளியைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ரத்தம் அல்லது காப்பித்தூள் நிறத்தில் வந்தால், மலம் தார்போல் கறுத்தால், முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி வணங்குவதுபோல் நின்றால், ஒருநாளில் பலமுறை கக்கிச் சாப்பாட்டையும் மறுத்தால், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், இரவானாலும் போய்விடுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், இரண்டு வாரத்துக்குப் பிறகும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் நாட்காட்டியோடு மருத்துவரிடம் செல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல், சிறுநீரகத்தோடு கார்டிசால் என்ற ஹார்மோனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்று ஸ்கேன் தேவையா என்று அதன்பிறகு முடிவு செய்யலாம்.