முதலாளிக்கு எது ஊர்?

கேள்வி: நிறுவனத் தலைவர் பிறந்த மண்ணிலேயே தொழில் நடத்தினால், சுற்றுச்சூழலைக் காக்கும் புதுத் தொழில்நுட்பத்துக்கு அதிகம் செலவு செய்வாராமே? சிங்கப்பூர் நிறுவனங்களுக்கும் உள்ளூர்க்காரரையே தலைவராகப் போட்டுவிட்டால் என்ன?
– ஈசூன் வாசகர் ஒருவர்

பதில்: அப்படிச் சொல்லும் ஆய்வுகள் சீனாவிலிருந்து வந்திருக்கின்றன. சொந்த ஊர்ப் பாசம் என்று காரணம் சொல்கிறார்கள். அதில் பாதி வெட்கம் என்பது என் கட்சி. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் “உங்க ஆலைத் தண்ணியால கிணறு போச்சு” என்றால் சோறு இறங்குமா?

சரி, திருப்பூருக்கு வாருங்கள். அங்கே சாயப்பட்டறை வைத்திருந்தவர்களில் பலர் அந்தப் பகுதிக்காரர்கள்தான். நொய்யல் ஆறு என்னவோ சாயமாகத்தான் ஓடியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத சுத்திகரிப்பு அங்கே ஒழுங்காக வேர்பிடித்தது. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருமே பட்டறைக்காரர்கள் என்றால், யாருக்கு யார் வெட்கப்படுவது?

சிங்கப்பூரில் ‘ஊர்’ என்பதே வில்லங்கமான சொல். தேக்காவில் ஒருவர் “ஊருக்குப் போறேன்” என்றால் தஞ்சாவூர் என்று பொருள். பெரிய முதலாளிக்கும் ஏறக்குறைய அதே கதை: வீடு புக்கிட் தீமாவில், தோட்டம் சுமத்ராவில். 2013 ஜூன் 21 அன்று, சுமத்ராவில் எரிந்த நெருப்பின் புகையால் இங்கே காற்றின் மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. அந்தப் புகைமூட்டத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட நிறுவனங்களில் சிலவற்றுக்கு அலுவலகம் இங்கேதான். அங்கிருந்தவர்களும் அதே புகையில்தான் இருமியிருப்பார்கள்! பாசம் கடல் தாண்டவில்லை; புகை தாண்டிவிட்டது. நெருப்பு எந்த நாட்டில் எரிந்தாலும், அதன் புகை இங்கே வந்தால் பொறுப்பான நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்று 2014இல் சட்டம் போட வேண்டியிருந்தது.

அப்புறம் கரிம வரி, அதாவது ஆலைகள் வெளியிடும் கரிம வாயுவுக்கு அரசு போடும் வரி. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளி, 2024இல் 25, 2026இல் 45. இந்தக் கணக்கைப் பார்க்க எந்த ஊரில் பிறந்திருந்தால் என்ன?

உங்களிடம் பங்கு இருந்தால் ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். ஆலை எங்கே இருக்கிறது, அதன் கழிவு எங்கே போகிறது, அதைக் குறைக்கும் ஆராய்ச்சிக்கு எத்தனை வெள்ளி ஒதுக்கினார்கள் என்று கேளுங்கள். தலைவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்பதை இந்த ஊரில் வேறு யாராவது கேட்டுக்கொள்வார்கள்.