தோட்டப் பாதையில் சூரியக் குடும்பம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எமது தோட்டப் பாடசாலையில் உலக விண்வெளி வாரத்தைக் கொண்டாட அதிபர் அனுமதி தந்திருக்கிறார். தொலைநோக்கி இல்லை, செலவழிக்கப் பணமும் இல்லை. பேச்சுப் போட்டியும் சித்திரப் போட்டியும் வைத்தால் போதுமா? (ஓர் ஆசிரியை, அட்டன்)

பதில்: போதாது என்றே சொல்வேன். பேச்சுப் போட்டியில் பத்துப் பிள்ளைகள் மனனம் செய்ததை ஒப்புவிப்பார்கள். மற்றவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். விண்வெளியின் பருமனை ஒவ்வொரு பிள்ளையும் தன் காலால் நடந்து உணர வேண்டும் என்பதே என் விருப்பம். அதற்குப் பாடசாலை வாசலிலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் பாதை ஒன்றே போதுமானது.

எல்லாவற்றையும் ஆயிரம் கோடியில் ஒரு பங்காகச் சுருக்கிக்கொள்ளுங்கள். அப்போது சூரியன் 14 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருண்டை. உரித்த தேங்காய் ஒன்றை வாசலில் வைத்துவிடலாம். அங்கிருந்து 15 மீற்றர் தள்ளி வரும் பூமிக்கு ஒரு சிறு கடுகு போதும், ஏனெனில் அதன் விட்டம் 1.3 மில்லிமீற்றர்தான். வியாழன் 78 மீற்றரில் ஒரு கோலிக்குண்டு. நெப்டியூனை வைக்க ஏறக்குறைய 450 மீற்றர் நடக்க வேண்டியிருக்கும். சந்திரனோ கடுகிலிருந்து 4 சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கும். 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ரோங்கும் ஓல்ட்ரினும் கடந்து சென்று இறங்கிய தூரம் அந்த இரண்டு விரல் அகலமே என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரத்தை இதே அளவில் வைப்பதானால், இந்தியா முழுவதையும் தாண்டி 4,000 கிலோமீற்றர் போக வேண்டும்.

தூரங்களைப் பிள்ளைகளே அளக்கட்டும். மதியம் கொழுந்து நிறுக்க அப்பாதையால் வரும் தாய்மாருக்கும் அவர்களே நின்று விளக்கட்டும். தன் பிள்ளை கடுகைக் காட்டி இதுதான் பூமி என்று சொல்வதைக் கேட்கும் தாய்க்கு அந்த நாள் மறக்காது.

கேள்வி: இந்த வாரத்துக்கு ஒக்டோபர் 4 முதல் 10 வரையான நாள்களை ஏன் தெரிவு செய்தார்கள்? நம் நாட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (ஒரு மாணவர், பதுளை)

பதில்: முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1 ஏவப்பட்டது 1957 ஒக்டோபர் 4இல், விண்வெளியை எந்த நாடும் தனதென்று உரிமை கோர முடியாது என வகுத்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1967 ஒக்டோபர் 10இல். இவ்விரு நாள்களையும் இணைத்து 1999இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இவ்வாரத்தை அறிவித்தது. விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரான யூரி ககாரின், தாம் சென்று வந்த அதே 1961ஆம் ஆண்டின் டிசம்பரில் நம் நாட்டுக்கு வந்து, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ஒரு மரமும் நட்டார். நம் இளம் பொறியியலாளர்கள் ஜப்பானில் உருவாக்கிய இராவணா 1 என்ற சிறு செயற்கைக்கோள் 2019இல் விண்வெளிக்குச் சென்றது.

கேள்வி: எமது வாசிகசாலை சார்பில் அதே வாரத்தில் இரவு வானம் பார்க்கும் நிகழ்ச்சி ஒன்றை நடத்த விரும்புகிறோம். ஆலோசனை தருவீர்களா? (வாசிகசாலைச் செயலாளர், நுவரெலியா)

பதில்: ஒக்டோபரில் வேண்டாம். இரு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில் பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டும், இரவிலும் மேகம் கலையாது. ஆவலோடு வந்த பிள்ளைகள் ஏமாந்து திரும்புவார்கள். பெப்ரவரியில் வையுங்கள். அப்போது வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும், முன்னிரவிலேயே ஓரியன் நட்சத்திரக் கூட்டம் உச்சியில் நிற்கும். துருவ நட்சத்திரத்தைக் காட்டுவதாக மட்டும் வாக்களிக்காதீர்கள். உங்கள் ஊரில் அது அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் இருப்பதால் மலைகள் மறைத்துவிடும். சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம் உங்கள் ஊருக்கு மேலே எப்போது கடக்கும் என்பதை நாசாவின் இணையத்தளத்தில் பார்த்து, அந்த நேரத்துக்கு ஏற்ப நாளைக் குறியுங்கள். அந்தி முடிந்த சற்று நேரத்தில் அது சில நிமிடங்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் கம்பளியும் சுடச்சுடத் தேநீரும் தேவை. டோர்ச் விளக்குகளில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றுங்கள், மைதானத்தைச் சுற்றியுள்ள விளக்குகளை ஒரு மணிநேரம் அணைத்து வைக்கும்படி அயலவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.