நிலாவுக்குப் பீரங்கி, மகளுக்கு எந்த கோர்ஸ்?

வணக்கம் அம்மா. நேற்று மகளோடு மேற்படிப்பு ஆலோசனைக்கு என்னிடம் வந்துவிட்டுக் கிளம்பும்போது வாசற்படியில் நின்று ஒன்று கேட்டீர்கள். பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். ப்ளஸ் ஒன் படிக்கிற பெண் பழைய ராக்கெட் கதை, ரோபோ கதை என்றே கிடக்கிறாள். இயற்பியலில் காலாண்டுக்கு 58. அவள் அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறு பேச்சே எடுக்கக் கூடாது என்கிறார். அந்தப் புத்தகங்களை பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாமா என்று கேட்டீர்கள்.

பூட்ட வேண்டாம். அதற்காக, கதை படிக்கிறவள் விஞ்ஞானி ஆகிவிடுவாள் என்றும் நான் சொல்ல மாட்டேன். இப்படி என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலருக்குப் பிடித்திருப்பது கதைதான், அறிவியல் இல்லை. அதில் தப்பும் இல்லை, அவர்களுக்கு வேறு படிப்பு இருக்கிறது. உங்கள் மகள் எந்தப் பக்கம் என்று பார்க்கத்தான் உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னேன்.

ழூல் வெர்ன் 1865-ல் எழுதிய நிலாப் பயணக் கதையை அவள் படித்திருக்கிறாள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 900 அடி நீளப் பீரங்கியை மண்ணுக்குள் இறக்கி, மூன்று பேரைக் குண்டுக்குள் உட்காரவைத்துச் சுடுவார்கள். வேகம் விநாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். "உள்ளே இருக்கிற ஆளுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன். சிரித்தாள். அப்புறம் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். 900 அடியை 274 மீட்டராக்கி, வேகத்தின் வர்க்கத்தை அதன் இரண்டு மடங்கால் வகுத்தாள். முடுக்கம் இரண்டு லட்சத்து இருபதாயிரம் என்று வந்ததும், "தப்பு சார்" என்று அடித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். மறுபடியும் அதேதான் வந்தது. புவியீர்ப்பைப் போல 22,000 மடங்கு. 50 கிலோ ஆள் அந்தக் கணத்தில் 1,100 டன் கனப்பார். நிலா இருக்கட்டும், பீரங்கி வாயைத் தாண்டுவதற்குள் மூன்று பேரும் கூழ்.

பூமியை விட்டு வெளியேறத் தேவையான வேகத்தை வெர்ன் சரியாகத்தான் போட்டிருக்கிறார். போகிற வழிதான் தப்பு. அந்தக் கதையைச் சிறுவனாகப் படித்த, பின்னாளில் ராக்கெட் முன்னோடியான ஹெர்மன் ஓபெர்த்தும் இதே போலக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான், பீரங்கி உதவாது, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் ராக்கெட்தான் வழி என்ற முடிவுக்கு வந்தார். பின்னால் அதை முனைவர் பட்ட ஆய்வாக எழுதிக் கொடுத்தார், ஏற்கவில்லை. 1923-ல் புத்தகமாகப் போட்டார். ஜெர்மனியின் ராக்கெட்காரர்களுக்கு அதுதான் ஆரம்பப் பாடம்.

ஆக, உங்கள் மகளுக்குக் கணக்கு வருகிறது, நோட்டை எடுக்கும் கையும் வருகிறது. 58-க்குக் காரணம் வேறு. அவள் விடைத்தாளைப் பார்த்தேன். அலகு எழுதாமல் விடுகிறாள், வரையறையைச் சொந்த நடையில் எழுதுகிறாள். மூன்று மாதத்தில் சரிசெய்யக்கூடிய கோளாறு இது.

அவள் அப்பாவிடம் பேச, அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் கதை உதவும். கல்லூரிக்குப் போகப் பணமில்லாமல் லண்டனில் அரசாங்கத் தணிக்கைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். போர் வந்ததும் விமானப்படையில் ரேடார் வேலை. 1945 அக்டோபரில் ஒரு வானொலித் தொழில்நுட்பப் பத்திரிகையில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் மூன்று நிலையங்களை மேலே நிறுத்தினால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று கணக்கும் படமும் போட்டு எழுதினார். கற்பனையோடு ரேடார் பழக்கமும் இருந்ததால்தான் அது கதையாக நின்றுவிடாமல் கட்டுரையாக வந்தது என்பது என் எண்ணம். அவர் கோட்டை விட்ட இடமும் உண்டு. பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய் வால்வு எரிந்துபோனால் மாற்றுவதற்கு அங்கே ஆட்கள் தங்கியிருக்க வேண்டும் என்று நினைத்தார். இரண்டே வருஷத்தில் வால்வின் இடத்தைப் பிடிக்க டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. 1963-ல், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றிய முதல் செயற்கைக்கோளான சின்காம்-2 மேலே போனது, அதை உருவாக்கிய குழுவை நடத்திய ஹெரால்ட் ரோசன் மின்பொறியாளர். கிளார்க் அதற்குள் இலங்கையில் குடியேறியிருந்தார். 1975-ல் செயற்கைக்கோள் வழியாக இந்தியக் கிராமங்களுக்கு டிவி ஒளிபரப்பியபோது, நம் இஸ்ரோக்காரர்கள் கொழும்பில் அவர் வீட்டிலேயே ஆன்டெனா நட்டுக் கொடுத்தார்கள்.

இவர்களில் ஒருவர்கூட 'ஸ்பேஸ்' என்று பேர் போட்ட பட்டம் வாங்கியவர் இல்லை. ரோபோக்களுக்கு மூன்று விதிகள் எழுதிய கதாசிரியர் அசிமோவ் வேதியியல் படித்தவர். அதனால், விண்வெளி என்று பெரிய எழுத்தில் அச்சடித்த பளபள புரோஷரோடு எந்தக் கல்லூரி வந்தாலும் முதலில் லேபைக் காட்டச் சொல்லுங்கள். போன வருஷம் ஒரு பெற்றோரோடு நானே போனேன். லேப் என்று காட்டிய அறையில் தெர்மகோல் ராக்கெட் ஒன்றுதான் இருந்தது.

அவளுக்கு நான் சொல்வது இதுதான். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதட்டும், திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறை நடத்தும் ஐ.ஐ.எஸ்.டி. கல்லூரிக்கு அந்த ரேங்க்தான் வழி. அது அமையாவிட்டால் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் குரோம்பேட்டை எம்.ஐ.டி., இல்லை ஏதாவது நல்ல கல்லூரியில் இ.சி.இ. அல்லது மெக்கானிக்கல். கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, அதனால் அந்த 58 உடனே ஏற வேண்டும். ஆராய்ச்சிதான் பிடிக்கும் என்றால் ஐசர் எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வும் எழுதலாம். அப்பா சொல்வதையும் தள்ள வேண்டாம். இன்றைக்குச் செயற்கைக்கோளை ஓட்டுவதில் பாதி வேலை மென்பொருள்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாலும் அவள் போக நினைக்கிற இடத்துக்குப் போகலாம், இயற்பியலை விடாமல் இருந்தால்.

அடுத்த சனிக்கிழமை அவள் அப்பாவையும் அழைத்து வாருங்கள். அதற்குள் அவளுக்கு ஒரு வீட்டுப்பாடம்: கிளார்க் சொன்ன அந்த நிலையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும்? தேவையான சூத்திரம் ஈர்ப்பியல் பாடத்திலேயே இருக்கிறது. 35,800 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வர வேண்டும். 42,000 என்று வந்தால் திட்டாதீர்கள், பூமியின் ஆரத்தைக் கழிக்க மறந்திருப்பாள்.