போர்ட் ஆர்தரில் தேவாலயம் ஒன்றல்ல, இரண்டு

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஹோபார்ட் நகருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைப் போர்ட் ஆர்தர் பழைய சிறைக்குக் கூட்டிப்போக அரை நாள் போதுமா, கைதிகளின் தேவாலயம் எங்கே என்று கேட்டிருந்தீர்கள், தம்பி.

அரை நாள் போதாது. போக மட்டும் 95 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வழியில் சோரெலில் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டு அடுத்தடுத்த இரண்டு நாளைக்குச் செல்லும். அறிமுக நடையும் படகுச் சுற்றும் அதிலேயே அடக்கம்; இறந்த கைதிகளைப் புதைத்த கல்லறைத் தீவில் இறங்கத் தனிக் கட்டணம். படகு நேரத்தை முதலிலேயே கேட்டு, மற்றதை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டில் கூரையில்லாமல் நிற்கும் பெரிய தேவாலயம் 1830களில் கட்டியது, 1884இல் எரிந்துபோனது. பாயிண்ட் பியூர் சிறுவர் சிறைப் பையன்களின் உழைப்பும் அதில் உண்டு. எல்லோரும் அங்கே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் அவசியம் பார்க்க வேண்டியது இன்னொன்று, தனிமைச் சிறைக்குள் இருக்கும் சிற்றாலயம்.

லண்டன் பென்டன்வில் சிறையின் மாதிரியில் 1840களின் கடைசியில் எழுந்தது அந்தத் தனிமைச் சிறை. கைதிக்குப் பெயர் கிடையாது, எண்தான். நாளில் 23 மணி நேரம் அறைக்குள்; வெளியே வந்தால் முகமூடி. காலடிச் சத்தம்கூடக் கேட்கக்கூடாதென்று காவலர்கள் மெத்தென்ற செருப்பு அணிந்தார்கள். ஆலயத்திலும் ஆளுக்கொரு மரக்கூண்டு, பக்கத்துக்கொரு கதவு. அப்பாவை ஒரு கூண்டிலும் அம்மாவை அடுத்த கூண்டிலும் நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்துங்கள். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரியமாட்டார்கள். எதிரே பிரசங்க மேடை மட்டும் தெரியும். வாய்திறந்து குரல் எழுப்பக் கைதிகளுக்குக் கிடைத்த இடம் இந்தக் கூண்டுதான், அதுவும் பாட்டுப் பாடும்போது. இதை முன்பே சொல்லிவிட்டு அழைத்துப்போங்கள், இல்லாவிட்டால் வெறும் மரத்தடுப்பாகத் தெரியும். அங்கேயே இருட்டறையும் உண்டு. மூச்சுமுட்டல் உள்ளவர்கள் உள்ளே போகவேண்டாம்.

இடம் 40 ஹெக்டேர், ஏற்ற இறக்கம் அதிகம். முட்டிவலி இருந்தால், உள்ளே போக வண்டி கிடைக்குமா என்று வரவேற்பில் கேளுங்கள். கோடையிலும் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் வேண்டும்.

1996 ஏப்ரல் 28 அன்று இங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் இறந்தார்கள். நினைவுத் தோட்டத்தில் அமைதியாக நின்று வாருங்கள். அதைப்பற்றி ஊழியர்களிடம் கேட்காதீர்கள். உறவையும் நண்பர்களையும் இழந்தவர்கள் அவர்களுக்குள் இருக்கக்கூடும்.

ஜூன், ஜூலையில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரம் வாலபிகள் (சிறிய கங்காரு போன்றவை) சாலைக்கு வரும், அதனால் மூன்றரைக்கே கிளம்பிவிடுங்கள். வாடகைக் கார் என்றால், இருட்டியபின் விலங்கு மோதினால் காப்பீடு உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.