மகளை டெஸ்டிங் கோர்ஸில் சேர்க்கலாமா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளை மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டிங் கோர்ஸில் சேர்க்க நினைத்தோம், இப்போது பக், அதாவது மென்பொருள் பிழை, கண்டுபிடிப்பதையும் ஏஐ செய்கிறதாமே என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. உங்கள் பயத்தில் பாதி நியாயம். எழுதிக்கொடுத்த படிகளை ஸ்கிரீனில் அழுத்திப் பார்த்து, எக்செலில் ‘பாஸ்’, ‘ஃபெயில்’ போடும் வேலையை மட்டும் சொல்லித்தரும் கோர்ஸ் என்றால் பணம் கட்டாதீர்கள். 2024-லேயே கூகுளின் ‘பிக் ஸ்லீப்’ என்ற ஏஐ, எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு பாதுகாப்புக் குறையை, அது வெளியீட்டுக்குப் போகும் முன்பே பிடித்துவிட்டது.

மறுபாதிக்கு ‘கர்ல்’ மென்பொருளுக்கு நடந்ததைப் பாருங்கள். இணையத்தில் தரவு அனுப்பவும் பெறவும் உலகம் முழுக்கப் பயன்படும் இலவச மென்பொருள் அது. சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் தொடங்கி நடத்திவருகிறார். அதில் பாதுகாப்புக் குறையைக் கண்டு சொன்னவர்களுக்குப் பரிசுப் பணம் கொடுத்துவந்தார்கள். ஏஐ எழுதித்தந்ததைச் சரிபார்க்காமல் அனுப்பிப் பணம் கேட்டவர்கள் பெருகினார்கள். படிக்க உண்மை போலவே இருக்கும். சோதித்தால் ஒன்றும் இருக்காது. அதைச் சோதிப்பதிலேயே குழுவின் நேரம் கரைந்தது. 2026 ஜனவரியோடு பரிசுத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

அதே கர்லுக்கு 2025 செப்டம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், ஏஐ கருவிகளை வைத்துக் கண்ட பிழைகளின் நீண்ட பட்டியலை அனுப்பினார். அதிலிருந்து சுமார் 50 திருத்தங்கள் செய்யப்பட்டன. ஸ்டென்பெர்க் வெளிப்படையாகவே பாராட்டினார். முன்னவர்களிடமும் ஏஐதான் இருந்தது. அது சொல்வது மெய்யா பொய்யா என்று மென்பொருளின் நிரலை (கோட்) படித்துப் பார்க்கத்தான் அவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது மனமில்லை. உங்கள் மகள் பழக வேண்டியது அதைத்தான்.

சி, பைத்தான் என்ற நிரல் மொழிகளும், நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியும் கை வர வேண்டும். பிறகு யாரும் நிரலைப் பார்க்கக்கூடிய ஏதாவது ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில், ஏற்கெனவே சரிசெய்யப்பட்ட பழைய பக் ஒன்றை எடுக்கட்டும். திருத்தத்துக்கு முந்தைய நிரலை இறக்கி, அந்தப் பிழையைத் தன் லேப்டாப்பில் மறுபடி வரவழைக்கட்டும். முதல் தடவை வாரக்கணக்கில்கூட இழுக்கும். பரவாயில்லை, விடாமல் செய்யச் சொல்லுங்கள். வந்ததும் அதே நிரலை ஏஐயிடம் கொடுத்து, அது சொல்லும் ஒவ்வொரு குறையையும் சோதித்து எழுதிவைக்கட்டும். இன்டர்வியூவில் காட்ட எந்த சான்றிதழையும்விட அந்தக் குறிப்புகளையே நான் பெரிதாக மதிப்பேன்.

கோர்ஸ் வேண்டும் என்றே தோன்றினால், ஃபீஸ் கட்டும் முன் அங்கே ஒன்று கேளுங்கள்: “நிஜ மென்பொருளில் ஒரு பக்கைப் பிள்ளைகளே தேடிப்பிடித்து, காரணத்தை விளக்கி எழுத வைப்பீர்களா?” பழைய மாணவர் ஒருவர் எழுதியதைக் காட்டவும் சொல்லுங்கள்.