மறு: "கேட்டுட்டுப் போறீங்க, எங்களுக்கு என்ன கிடைச்சது?" என்கிறார்கள்

முதல் சுற்றுக் கணக்கெடுப்புக்குப் பேசியவர்கள் இரண்டாம் சுற்றில் கதவையே திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் கோபம் நியாயமானது. புதிய கேள்வித்தாளோடு போகாதீர்கள். முதல் சுற்றில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போங்கள்.

1970களில் கொலம்பியாவில் ஒர்லாண்டோ ஃபல்ஸ் போர்டா என்ற சமூகவியலாளர், நில உரிமைக்குப் போராடிய விவசாயிகளிடம் ஆய்வு முடிவுகளைப் படக்கதைகளாகவே திருப்பிக் கொடுத்தார். வாசிக்கத் தெரியாதவரும் பார்த்துப் பேச முடிந்தது. நீங்களும் பெரிய தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். "இதில் எது தப்பு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நான் அப்படி ஒட்டியபோது ஒரு அம்மா தண்ணீர்க் குழாய்க்கான தூரத்தை விரலால் தொட்டு, "தூரம் இல்லம்மா, வரிசையில நிக்கிற நேரம்தான் கஷ்டம்" என்றார். என் கேள்வியே தவறு என்று அன்றுதான் புரிந்தது. அடுத்த கேள்வித்தாளை அந்த மக்களே எழுதினார்கள்.

அப்புறம், இப்படி உங்களோடு சேர்ந்து ஆய்வு செய்யும் அந்த மக்களுக்குக் கூலி கொடுங்கள், அறிக்கையில் அவர்கள் விரும்பினால் பெயரும் போடுங்கள். தரவு யார் கையில் இருக்கும் என்பதை முதலிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். உங்கள் ஆய்வு வழிகாட்டியிடம் இன்னும் இரண்டு மாதம் அவகாசம் கேளுங்கள், அவசியம் தேவைப்படும்.