குட்டையில் விலாங்கு பெருகுமா?

கேள்வி: ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்கள் தோட்டம். கால்வாய்த் தண்ணீர் வரும் குட்டையில் விலாங்கு கிடக்கிறது. இதுவரை அறுத்த எதிலும் சினை இல்லை. நாலைந்தை விட்டுவைத்தால் பெருகுமா? தூண்டிலில் சிக்கினாலும் நரம்பை முறுக்கி அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பெருகாது. விலாங்கு வளர்வது ஆற்றிலும் குளத்திலும், முட்டையிடுவது ஆழ்கடலில். கடலுக்குக் கிளம்பிய பிறகுதான் சினை முற்றும். அதனால் குட்டையில் கிடப்பதை எத்தனை அறுத்தாலும் முட்டை கண்ணில் படாது. இதில் குழம்பியவர்கள் நிறையப் பேர். விலாங்கு சேற்றிலிருந்து தானாக உண்டாகிறது என்றே அரிஸ்டாட்டில் நினைத்தார். மனநல மருத்துவத்தில் பேர் வாங்குவதற்கு முன், 1876-இல், சிக்மண்ட் பிராய்ட் ஆண் விலாங்கின் விதைப்பையைத் தேடி நானூறு விலாங்கை அறுத்துப் பார்த்தார். அப்போதும் அடித்துச் சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

முட்டையிலிருந்து வருவதைப் பார்த்தால் விலாங்கு என்றே சொல்ல மாட்டீர்கள். கண்ணாடியில் செய்த குட்டி மாவிலை மாதிரி தட்டையாக, நீரோட்டத்தில் மாதக்கணக்கில் மிதந்து வரும். கரையை நெருங்கும்போது உருண்டு நீண்டு, உடம்பு முழுக்கத் தெளிந்து, கண் மட்டும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். முகத்துவாரத்தில் நுழைந்த பிறகு நிறம் ஏறும், அப்புறம் ஆற்றில் எதிரேறும். உங்களுடையது தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் முகத்துவாரம் வழியாக வந்திருக்க வேண்டும். சுவரில் ஈரம் இருந்தால் குட்டி விலாங்கு அதிலும் ஊர்ந்து ஏறிவிடும்.

ஜப்பானில் 2010-இல் ஆய்வகத்திலேயே முட்டை முதல் முட்டை வரை வளர்த்துக் காட்டினார்கள். இருந்தும் அங்குள்ள பண்ணைகள் இன்னமும் கடலோரத்தில் பிடிக்கும் குஞ்சுகளைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன. ஆகவே பொரிப்பகத்துக் குஞ்சு தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, தூண்டிலுக்கு வருவோம். விலாங்கு இரவில் மோப்பம் பிடித்து இரை தேடும். தக்கையைக் கழற்றிவிட்டு, ஈயக்குண்டு கட்டி, மண்புழுவையோ கோழிக்குடலையோ தரையில் கிடக்க விடுங்கள். கல்லிடுக்கு, வேர் ஓரம் நல்ல இடம். இழுப்பு தெரிந்ததும் தாமதிக்காமல் தூக்க வேண்டும். வேரில் வாலைச் சுற்றிவிட்டால் அப்புறம் நம் பலம் எடுபடாது. மாட்டியதும் அது உடம்பைத் திருகிச் சுழலும், நரம்பு அறுவது அதனால்தான். கடையில் ‘ஸ்விவல்’ என்று, தானே சுழலும் சின்ன இணைப்பைக் கேட்டு வாங்கி முள்ளுக்கு மேலே கட்டுங்கள், முறுக்கு நரம்பில் ஏறாது. வெறுங்கையால் பிடிக்கப் போகாதீர்கள், ஈரச் சாக்கைப் போட்டு அமுக்குங்கள்.

மழைக்காலத்தில் கண் பெருத்து, வயிறு வெள்ளிபோல் மின்னும் பெரிய விலாங்கு சில நேரம் வலையில் வரும். அது கடலுக்குக் கிளம்பிவிட்ட மீன். இரை எடுப்பதை நிறுத்தியிருக்கும், குடலும் சுருங்கிக்கொண்டிருக்கும். வாழ்நாளில் ஒரே முறை முட்டையிட்டுச் சாகப் போவது. என்னைக் கேட்டால், அதைத் தடுப்பணைக்குக் கீழே கொண்டுபோய் ஆற்றில் விடுங்கள்.

சமைப்பதற்கு முன் சாம்பல் போட்டுத் தேய்த்தால் வழுவழுப்பு போகும். பச்சை ரத்தத்தில் நஞ்சு உண்டு, கண்ணில் பட்டால் எரியும். நன்றாக வெந்துவிட்டால் பயமில்லை.